பறவை கிளம்பிடுச்சா, இல்ல நாம பார்க்கப் போகலையா? ஏப்ரல் மாச வலசைப் பதிவுகள் பத்தி ஒரு பதில்

நீங்க கேட்டத நான் புரிஞ்சுக்கிட்டபடி முதல்ல சொல்லிடறேன். தாம்பரம் பக்கம் ஒரு ஏரிக்கரையில வீடு, போன நவம்பர்லதான் பறவை பார்க்க ஆரம்பிச்சிருக்கீங்க, ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல மார்ச் பாதியில இருந்து "இந்த சீசனோட கடைசி ஊசிவால் வாத்து", "பஞ்சுருட்டான் எல்லாம் போயாச்சு"ன்னு தினமும் மெசேஜ் வருது. கூடவே இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி, அதனால எல்லாம் ரெண்டு வாரம் முன்னாடியே கிளம்பிடுச்சுன்னு ஒருத்தர் சொல்ல மத்தவங்களும் ஆமான்னு போடறாங்க. இது உண்மையா, புதுசா வந்த நான் என்ன எழுதினா யாருக்காவது உபயோகமா இருக்கும்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு கேள்வியா தெரிஞ்சாலும் அடியில ஒண்ணுதான் இருக்கு: ஒரு பறவைய நாம பார்க்கலங்கறத வச்சு அது போயிடுச்சுன்னு சொல்லலாமா? நான் விலங்கியல் படிச்சவன், செங்கல்பட்டு ஏரிகள், பழவேற்காடு, கோடியக்கரைன்னு பல வருஷமா கணக்கெடுப்புக்குப் போறவன், அந்த அனுபவத்துல இருந்து சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

வசந்தகால வலசைன்னு, அதாவது பருவம் மாறும்போது பறவைங்க இடம் மாறிப் போறதப் பத்தி, நெட்ல தேடினா வர்றதெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காக்காரங்க எழுதினது. அவங்களுக்கு மார்ச், ஏப்ரல்ங்கறது பறவை வர்ற காலம். நமக்கு அது பறவை போற காலம். இந்த வித்தியாசம் சின்னதா தெரியும், ஆனா பதிவு பண்றவங்களுக்கு எல்லாமே இதுலதான் இருக்கு. செப்டம்பர்ல உங்க தெருவுல ஒரு சாம்பல் வாலாட்டிய பார்த்தீங்கன்னா அது வந்தாச்சு, ஒரே ஒரு தடவை பார்த்தா போதும், சரியா அடையாளம் கண்டிருந்தா அதுல சந்தேகத்துக்கே இடமில்ல. கிளம்பறது அப்படி இல்ல. ஏப்ரல் 5ஆம் தேதி பார்த்தீங்க, அதுக்கப்புறம் பார்க்கலன்னா, அது 5ஆம் தேதி வரைக்கும் இருந்துச்சுன்னு மட்டும்தான் தெரியும். 6ஆம் தேதி போச்சா, 20ஆம் தேதி போச்சா, உங்களுக்குத் தெரியாது. கல்யாண வீட்டுல யாரு எப்ப வந்தாங்கன்னு வாசல்ல நிக்கறவருக்குத் தெரியும், யாரு எப்ப கிளம்பினாங்கன்னு கேட்டா யாருக்கும் சரியா சொல்ல வராது, அந்தக் கதைதான் இது.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, நான் இத குரூப்ல எல்லாருக்கும் திரும்பத் திரும்ப சொல்றேன். நம்ம ஊர்ல பறவை பார்க்கறவங்க வெளிய போறது எப்போ? ஜனவரியில ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பொங்கலுக்கு 2015ல இருந்து நடக்கற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரி நடுவுல உலகம் முழுக்க அவங்கவங்க வீட்டுப் பக்கத்துப் பறவைகள எண்ணற பேக்யார்ட் பேர்ட் கவுண்ட். அந்த ரெண்டு மாசம் எல்லா ஏரிக்கரையிலயும் ஆள் இருக்கும். மார்ச்ல பிள்ளைங்களுக்குப் பரீட்சை, ஏப்ரல்ல காலையில ஏழரைக்கே வெயில் முதுகுல அடிக்குது, மே முதல் வாரத்துல கத்திரி தொடங்கிடும், பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிடுவாங்க. அப்போ கடைசியா பார்த்த தேதி எல்லாம் மார்ச் கடைசியிலயும் ஏப்ரல் முதல் வாரத்துலயும் வந்து குவியத்தானே செய்யும். அது பறவை போன தேதியா, பைனாகுலர் அலமாரிக்குள்ள போன தேதியான்னு பிரிச்சுப் பார்க்காம, சீக்கிரம் போயிடுச்சுன்னு சொல்றது சரியில்ல. வெயில் அதிகமா இருக்கற வருஷத்துல ஜனங்க வெளிய போறது இன்னும் குறையும், அதனால சூடான வருஷத்துல பறவையும் சீக்கிரம் போன மாதிரியே பதிவுல தெரியும். உங்க குரூப்ல நடந்தது இதுவான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு, போன வருஷம் ஏப்ரல்ல எத்தன காலை எத்தன பேர் போனாங்க, இந்த வருஷம் எத்தன பேர்னு எண்ணிப் பாருங்க. அந்த எண்ணிக்கை இல்லாம இந்த விவாதத்துல யாரும் ஜெயிக்க முடியாது.

சரி, வெயிலுக்கும் கிளம்பறதுக்கும் சம்பந்தமே இல்லையா? இதுல உறுதியா தெரிஞ்சது இதுதான். நெடுந்தூரம் போற பறவைக்கு உடம்புக்குள்ளயே ஒரு வருஷக் கடிகாரம் இருக்கு, வெளிச்சமும் இருட்டும் மாறாத கூண்டுக்குள்ள வச்சாலும் வலசை நேரம் வந்தா ராத்திரியில படபடன்னு அடிச்சுக்கும், இத ஆய்வுக்கூடத்துல நல்லா நிரூபிச்சிருக்காங்க. அந்தக் கடிகாரத்த வருஷா வருஷம் சரி பண்ணி வைக்கறது பகல் நீளம். சென்னையில டிசம்பர் கடைசியில பகல் சுமார் 11 மணி 20 நிமிஷம், ஜூன்ல சுமார் 12 மணி 55 நிமிஷம், வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், ஆனாலும் அந்த சின்ன மாற்றத்தையும் அதுங்க உடம்பு உணருது. கிளம்பறதுக்கு முன்னாடி வாரக்கணக்குல தின்னு கொழுப்பு சேர்க்கும், இறகு மாத்தும். இதெல்லாம் பகல் நீளமும் உள்கடிகாரமும் வச்சு நடக்கற வேலை, ரெண்டு நாள் 40 டிகிரி அடிச்சதுனால தொடங்கறது இல்ல. காத்து, மழை, கிடைக்கற தீனி இதெல்லாம் கிளம்பற நாள முன்ன பின்ன சில நாள் தள்ளும், அதுவும் உண்மை. ஏன் வெப்பத்த நம்பி கிளம்பாதுன்னா, தாம்பரத்துல அடிக்கற வெயில் சைபீரியாவுல பனி உருகிடுச்சான்னு சொல்லாது, அவ்வளவுதான். காலநிலை மாற்றம் வலசை நேரத்த மாத்துதுங்கறதும் உண்மைதான், ஐரோப்பாவுல பல பத்து வருஷ பதிவுகள்ல அது தெளிவா தெரியுது, குறிப்பா கிட்ட தூரம் போற பறவைங்க முன்னாடியே வருது. ஆனா அத ஒரே ஏரி, ஒரே சீசன், ஒரு குரூப் மெசேஜ வச்சு சொல்ல முடியாது.

வெயில் நேரா செய்யற வேலை ஒண்ணு இருக்கு, ஏரித் தண்ணி. நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழையில ரொம்பற ஏரி பிப்ரவரி, மார்ச்ல இறங்க ஆரம்பிக்கும். ஓரத்துல சேறு தெரியும்போது, சேத்துல நடந்து தீனி தேடற உள்ளான் வகையெல்லாம் அங்க வந்து கூடும், அப்போ உங்க ஏரியில எண்ணிக்கை திடீர்னு ஏறும், அத பார்த்துட்டு வலசைக் கூட்டம் கடந்து போகுதுன்னு எழுதறாங்க, பக்கத்து ஏரி காஞ்சு அதுங்க இங்க மாறி வந்ததாவும் இருக்கலாம். வாத்துக்கு இது தலைகீழ். தண்ணி குறைஞ்சா உங்க ஏரிய விட்டுட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளி ஆழம் இருக்கற இன்னொரு ஏரிக்குப் போயிடும், நீங்க "போயாச்சு"ன்னு போட்ட அன்னைக்கே அது பள்ளிக்கரணையில நீந்திட்டு இருக்கும். அதனால ஒரு ஏரிய வச்சு முடிவு எடுக்காம சுத்துவட்டார ஏரிகள சேர்த்துப் பாருங்கன்னு சொல்றேன்.

எது எப்போ போகும்ங்கறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, அது எங்க போய் முட்டையிடப் போகுதுங்கறத பொறுத்தது. கூந்தன்குளம் பக்கம் வர்ற வரித்தலை வாத்தும், ஊசிவால் வாத்தும் முதல்ல கிளம்பற கூட்டம், மார்ச்லயே பெரும்பாலும் காலி. வரித்தலை வாத்து திபெத், மங்கோலியா பக்கம் போகணும், நடுவுல இமயமலையத் தாண்டணும், ட்ரான்ஸ்மிட்டர் கட்டி ஆராய்ஞ்சதுல அதிகபட்சம் 7,290 மீட்டர் உயரம் வரைக்கும் பதிவாகியிருக்கு. இன்னொரு பக்கம் வளைமூக்கு உள்ளான பாருங்க, கர்லூ சேண்ட்பைப்பர்னு புத்தகத்துல இருக்கும். அது முட்டையிடறது சைபீரியாவோட வடகோடி துந்திரப் பகுதியில, அங்க ஜூன்லதான் பனி விலகும். சீக்கிரம் போய் என்ன செய்யும்? அதனால ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் வரைக்கும் நம்ம கடலோரத்துலயும் உப்பளத்துலயும் இருக்கும். பின்லாந்துல இருந்து சைபீரியா வரைக்கும் பரவிக் கூடு கட்டற பிளைத் நாணல் கதிர்க்குருவி, பழுப்புக் கீச்சான் எல்லாம் ஏப்ரல் முழுக்க உங்க தெரு வேலியிலயே இருக்கும், பார்க்க ஆள்தான் இருக்காது. ஆறுமணிக்குருவியும் இந்த நேரத்துல கிளம்பறதுதான், ஆனா அது வெளிநாடு எல்லாம் போறதில்ல, மத்திய இந்தியாவுலயும் இமயமலை அடிவாரக் காடுகள்லயும் மழைக்காலத்துல கூடு கட்டும். ஏப்ரல்ல விடியக்காலையிலயும் பொழுது சாயும்போதும் ரெண்டு சீழ்க்கையா அது கூப்பிடறத கேட்டு எழுதி வைங்க, அருமையான பதிவு அது. தயவு செஞ்சு போன்ல ரெக்கார்டிங் போட்டு அத வெளிய வரவைக்காதீங்க. ராத்திரி பறக்கறதுக்குக் கொழுப்பு சேர்த்துட்டு இருக்கற பறவைய நம்ம போட்டோவுக்காக அலைய விடறது நியாயமே இல்ல.

கிளம்பப் போகுதுங்கறத இறகே சொல்லிடும், புதுசா பார்க்கறவங்களுக்கு இது பெரிய வரம். பழுப்புத்தலைக் கடற்காகம் குளிர்காலம் முழுக்க வெள்ளைத் தலையோட காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு மட்டும் வச்சிட்டு சுத்தும், மார்ச் வந்தா தலை முழுக்க காபிக்கொட்டை நிறத்துல முக்காடு போட்ட மாதிரி ஆகும். பொன்னிற உப்புக்கொத்திக்கு முகத்துல இருந்து வயிறு வரைக்கும் கருப்பு இறங்கும். வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறமாவும், கருவால் மூக்கனுக்கு கழுத்து செம்மஞ்சளாவும், ஆண் சாம்பல் வாலாட்டிக்குத் தொண்டை கருப்பாவும் மாறும். தென்மாவட்டத்துல இருக்கறவங்க சூறைக்குருவி, அதாவது ரோஸி ஸ்டார்லிங் கூட்டத்துல அந்த ரோஸ் நிறம் பளிச்சுன்னு ஏறறத பார்த்திருப்பாங்க. கூட்டத்துல எத்தனைக்கு முழு நிறம் வந்திருக்கு, எத்தனைக்குப் பாதி, எத்தனை இன்னும் சாம்பலா இருக்குன்னு குறிப்பு எழுதுங்க. வெறும் "கடற்காகம் 60"ங்கறத விட "60ல 40க்கு முக்காடு முழுசா வந்தாச்சு"ங்கறது பல மடங்கு தகவல்.

அதே இறகுதான் இன்னொரு தவறையும் தடுக்கும். மே கடைசியில, ஜூன்ல பழவேற்காட்டுல கொஞ்சம் உள்ளானும் உப்புக்கொத்தியும் நிக்கறத பார்த்துட்டு "வலசை இவ்வளவு தாமதமா"ன்னு கேக்கறாங்க. பெரும்பாலும் அதுங்க தாமதம் இல்ல, போகவே போகாததுங்க. கரையோரப் பறவையில பல இனத்துல முதல் வருஷக் குஞ்சுங்க வடக்க போகாம குளிர்கால இடத்துலயே கோடைய கழிச்சிடும், அதுக்கு முட்டையிடற வயசு இன்னும் வரல. அதுங்க மங்கலா சாம்பல் நிறத்துலயே இருக்கும். மே கடைசியில முழு நிறத்தோட ஒண்ணு நின்னா அது கதை வேற, அத கட்டாயம் போட்டோவோட போடுங்க.

நிறம் மாறறதெல்லாம் வலசைன்னும் நினைச்சிடாதீங்க. உண்ணிக்கொக்குக்கு தலை ஆரஞ்சாவும், மடையானுக்கு முதுகு கருஞ்சிவப்பாவும் மாறும், ரெண்டும் நம்ம ஊர்லயே கூடு கட்டறதுங்க. மார்ச்ல "குயில் வந்தாச்சு"ன்னு போடறாங்க, குயில் எங்கயும் போகல, வருஷம் முழுக்க இங்கதான் வேப்ப மரத்துலயும் அத்தி மரத்துலயும் வாயத் திறக்காம இருந்துச்சு, இப்போ கூவுது, அவ்வளவுதான். சுடலைக்குயில் இன்னும் பெரிய குழப்பம். வட இந்தியாவுக்கு அது ஆப்பிரிக்காவுல இருந்து பருவமழைக்கு முன்னாடி வர்றது சரிதான், அத படிச்சுட்டு நம்ம ஆளுங்க ஏப்ரல்ல செங்கல்பட்டு முள்ளுக்காட்டுல ஒண்ணப் பார்த்ததும் ஆப்பிரிக்காவுல இருந்து வந்துருச்சுன்னு எழுதறாங்க. தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் இங்கயே தங்கற துணையினம் தனியா இருக்கு. பேப்பர்ல வருஷா வருஷம் வர்ற "வேடந்தாங்கல்ல வெளிநாட்டுப் பறவைகள்"ங்கற தலைப்பும் இதே ரகம்தான், எனக்கு அத பார்க்கும்போதெல்லாம் வருத்தமா இருக்கும். அங்க கூடு கட்டற கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் இந்தியப் பறவைங்க, நம்ம ஏரி மீனும் நத்தையும் தின்னு நம்ம மரத்துல குஞ்சு பொரிக்குதுங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற வாத்தும் உள்ளானும் இங்க கூடு கட்டறதே இல்ல. கூடு கட்டினவங்க நம்ம ஊர்க்காரங்கன்னு எழுதினா ஜனங்களுக்கு அக்கறை குறையுமா என்ன, கூடத்தானே செய்யும்.

இப்போ நீங்க என்ன செய்யலாம். 2007ல மைக்ரண்ட்வாட்ச்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, இந்தியா முழுக்க சாதாரண ஜனங்க வலசைப் பறவைய எப்போ முதல்ல பார்த்தாங்க, எப்போ கடைசியா பார்த்தாங்கன்னு சேர்க்கறதுக்கு. இப்போ அந்த வேலை இபேர்ட்ங்கற, யார் வேணாலும் பறவைப் பட்டியல் போடற இணையதளத்துலதான் நடக்குது, ஒரு நல்ல மாற்றத்தோட. இபேர்ட்ல லிஸ்ட் முடிக்கும்போது, அடையாளம் தெரிஞ்ச எல்லாத்தையும் எழுதிட்டீங்களான்னு ஒரு கேள்வி வரும். அதுக்கு ஆமான்னு சொல்ற மாதிரி லிஸ்ட் போடறதுதான் முக்கியம். காக்கா, மைனா, புறா எல்லாத்தையும் சேர்த்து எழுதி ஆமான்னு சொன்னா, அந்த லிஸ்ட்ல இல்லாத பறவைய நீங்க தேடியும் பார்க்கலன்னு அர்த்தம் ஆகுது. இந்த இல்லைங்கற தகவல்தான் கிளம்பற தேதிக்கு உயிர். ஏப்ரல் 5 இருந்துச்சு, 8 இருந்துச்சு, 11 இல்ல, 14 இல்ல, 18 இல்லன்னு அஞ்சு லிஸ்ட் இருந்தா கிளம்பின வாரத்த ஒரு நியாயமான அளவுக்கு சொல்லலாம். "கடைசி பஞ்சுருட்டான்"னு போட்டோவோட ஒரே ஒரு மெசேஜ் போட்டா அது மெசேஜோடயே முடிஞ்சுது. இந்தியப் பறவைகளின் நிலைன்னு 2023ல வந்த அறிக்கை 30,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் போட்ட 3 கோடி பதிவுகள வச்சு எழுதினது, நெடுந்தூர வலசைப் பறவைங்க எண்ணிக்கை மத்தத விட மோசமா சரிஞ்சிருக்குன்னு அதுல சொல்லியிருக்காங்க. அந்த முடிவுக்கு வர முடிஞ்சதே இந்த மாதிரி சலிப்பில்லாம முழு லிஸ்ட் போட்டவங்களாலதான்.

உங்க வீட்டுக்கிட்ட ஒரே பாதைய எடுத்துக்குங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை, விடிஞ்சதும் அரை மணி நேரம், மார்ச்ல இருந்து மே கடைசி வரைக்கும், பறவை இருந்தாலும் இல்லாட்டியும் போங்க. எல்லாத்தையும் எழுதுங்க, ஆனா நீலவால் பஞ்சுருட்டான், தகைவிலான், பழுப்புக் கீச்சான், நாணல் கதிர்க்குருவி, நீலச்சிறகி, பொறி உள்ளான் இந்த ஆறுல கவனத்த வைங்க, ஆறுமே உங்க ஏரியில கிடைக்கும், அடையாளம் காண ஓரளவு சுலபம். பஞ்சுருட்டான்ல மட்டும் பச்சை நிற சின்னது நம்ம ஊர்லயே இருக்கறது, அதோட குழப்பிக்காதீங்க. கதிர்க்குருவிய கண்ணால தேடாதீங்க, புதருக்குள்ள "டெக், டெக்"னு நாக்கத் தட்டற மாதிரி சத்தம் வரும், அத பழகிட்டா தினமும் கேட்கும், கிளம்பறதுக்கு முன்னாடி சில சமயம் பாடவும் செய்யும். சந்தேகம் இருந்தா சந்தேகம்னே எழுதுங்க, கடற்கரையில தூரத்துல நிக்கற உப்புக்கொத்திய பேர் வைக்காம உப்புக்கொத்தின்னு மட்டும் போடறது அனுபவசாலிங்களும் செய்யறதுதான். முன்னாடி ஒரே இனமா இருந்த சின்ன மணல் உப்புக்கொத்திய இப்போ சைபீரியா, திபெத்துன்னு ரெண்டா பிரிச்சுட்டாங்க, பழைய பதிவையும் புதுப் பதிவையும் ஒப்பிடும்போது அதையும் மனசுல வைங்க.

கால்ல வளையமோ கொடி மாதிரி கலர் பட்டையோ, வரித்தலை வாத்துன்னா கழுத்துல எழுத்து போட்ட காலரோ பார்த்தா, எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்துன்னு குறிச்சு போட்டோவோட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்க. கோடியக்கரையில அவங்க பல பத்து வருஷமா வளையம் போடறாங்க, மங்கோலியாவுல காலர் மாட்டின வரித்தலை வாத்துங்கள தென்னிந்தியக் குளங்கள்ல பார்த்து சொன்னதும் உங்கள மாதிரி ஆட்கள்தான்.

குரூப்ல சீக்கிரம் போயிடுச்சுன்னு சொன்னவரோட சண்டை போட வேண்டாம், வர்ற ஏப்ரல்ல ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஏரிய எடுத்துக்கிட்டு லிஸ்ட் போடுங்க. அதுக்கு நடுவுல ஜூலை கடைசியிலயே ஒரு நடை போயிட்டு வாங்க. வடக்க வேலைய முடிச்ச முதல் பொறி உள்ளானுங்க ஆகஸ்ட்டுக்குள்ள திரும்ப வந்துடும், பள்ளிக்கரணையில நெடுங்கால் உள்ளான் குஞ்சுங்க அப்பதான் வளர்ந்து பறக்க ஆரம்பிச்சிருக்கும், ரெண்டையும் ஒரே சேத்துல பார்க்கும்போது எது வந்தது, எது இங்கயே இருந்ததுன்னு கால் நிறத்தையும் உருவத்தையும் வச்சு பழகிக்கலாம். முதல் லிஸ்ட் போட்டுட்டு சந்தேகம் இருந்தா இதுக்குக் கீழயே கேளுங்க, பதில் சொல்றேன்.